நாணயத்துக்கு இத்தாலியச் சொல்

உலகப் பொருளாதாரத்தின் தலையெழுத்து நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுதப்படுவதாகப் பாமர மக்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. இத்தாலி தேசத்தைப் பொறுத்தவரை அந்தத் தலையெழுத்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில், போல்ட் நட்டு செய்யும் ஒரு பட்டறைக்கு மேல்மாடியில் எழுதப்பட்டது. கீழே பிரஸ் மெஷின் அடித்த அடியில் மேஜை ஆடியதும், சில இடங்களில் எழுத்து கோணிக்கொண்டதும் வரலாற்றின் போக்கை மாற்றிவிடவில்லை.

அந்த மேல்மாடியில்தான் 'அகிலம் லாங்வேஜ் சொல்யூஷன்ஸ்' இயங்குகிறது. அதன் நிறுவனர், தலைமை மொழி அதிகாரி, ஏசி ரிமோட்டின் ஒரே பாதுகாவலர் என்ற மூன்று பெரும் பொறுப்புகளையும் தனியொருவராகச் சுமப்பவர் செங்கல்வராயன். முன்பு பூந்தமல்லியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். அங்கே மனு எழுதிக் கொடுத்துக் கொடுத்தே, ஜனங்கள் சொல்வது ஒன்று, பேப்பரில் ஏறுவது வேறொன்று, அதிகாரி படிப்பது மூன்றாவது என்ற ஞானத்தை அடைந்துவிட்டார். மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்? எண்பது மொழிகளில் சேவை என்று நிறுவனத்தின் இணையதளம் அறிவிக்கிறது. அலுவலகத்தில் புழங்கியவை தமிழ், தெலுங்கு, ஆங்கிலம், அப்புறம் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு இந்தி. மற்றவையெல்லாம் 'தேவைக்கேற்பத் திரட்டப்படும்'.

அப்படி ஒரு தேவை மிலான் நகரத்திலிருந்து வந்தது. அங்கே வங்கிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனம், பணம் சம்பந்தப்பட்ட நூற்றுச் சொச்சம் ஆங்கிலச் சொற்களை, சாதாரண மக்களுக்குப் புரியும்படி இத்தாலிய மொழியில் விளக்கித் தரவேண்டும் என்று கேட்டது. இத்தாலிய வேலையை இத்தாலியிலேயே கொடுக்காமல் அம்பத்தூருக்கு ஏன் அனுப்பினார்கள் என்று கேட்பவர்களுக்கு உலகமயமாக்கல் தெரியாது. செங்கல்வராயன் உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு, இத்தாலிய மொழி தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தார். எல்லாப் பெரிய நிறுவனங்களும் இந்த வரிசையில்தான் செயல்படுகின்றன.

தேடியது வீண்போகவில்லை. காட்டுப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் ஒரு மழைநாள் காலை. பள்ளத்தில் இறங்கிய ஷேர் ஆட்டோ ஒன்று, அங்கே நின்றிருந்த தெரசா என்ற பெண்ணின் புடவையில் இடுப்புவரை சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. தெரசா ஆட்டோவைப் பார்த்துக் கையை விசிறி விசிறி ஏதோ ஒரு மொழியில் மூச்சு விடாமல் திட்டினாள். பின்னால் குடையோடு நின்றிருந்த செங்கல்வராயனுக்கு மெய் சிலிர்த்தது.

"இன்னா பாஷைம்மா இது?"

"இத்தாலி பாஷை சார். தப்பா நெனைச்சுக்காதீங்க, கெட்ட வார்த்தை."

"கெட்ட வார்த்தையே இவ்ளோ சரளமா வருதுன்னா, நல்ல வார்த்தை எவ்ளோ வரும்! நாளைக்கு ஆபீசுக்கு வந்துடுங்க."

தெரசா எட்டு வருஷம் இத்தாலியில் இருந்தவள். வடக்கே ஒரு சின்ன ஊரில், கால் விழுந்துபோன ஓய்வுபெற்ற முடிதிருத்துநர் ஒஸ்வால்தோவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலியில் வைத்துக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போன வேலை. அவளுடைய இத்தாலியன் மூன்று இடங்களில் கற்றது: சமையலறை, கோயில், ஒஸ்வால்தோவின் வாய். போகும்போது மூன்று வயதாக இருந்த மகள் ஃபெபி, திரும்பி வந்தபோது பதினொன்றைத் தொட்டிருந்தாள். எட்டு வருஷமாக அம்மா என்பவள் கைப்பேசியில் தெரியும் ஒரு முகம். அந்தப் பழக்கத்தில், இப்போது நேரில் எதிரே நின்று தெரசா அதட்டினாலும், "கேக்கலமா, நெட்வொர்க் சரியில்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள் ஃபெபி. லேத் பட்டறையில் வேலை செய்யும் கணவர் ஜேசுராஜ் அதைக் கேட்டு முதல் தடவை சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

இனிமேல் மகளை விட்டுப் போவதில்லை என்று தெரசா மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் விடுவதாக இல்லை. இத்தாலியில் பெர்கமோ என்ற ஊரில் ஒரு கிழத் தம்பதி காத்திருக்கிறார்கள், விசா உயிரோடிருக்கிறது, மூன்று மாதத்தில் பதில் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு நிலையான வேலை கிடைத்தால் பெர்கமோவுக்குக் கும்பிடு போட்டுவிடலாம்.

நேர்முகத் தேர்வை செங்கல்வராயனே நடத்தினார். "எக்கனாமிக்ஸ் படிச்சுகீறீங்களா?"

"இல்ல சார். மாசாமாசம் ஊட்டுக்குப் பணம் அனுப்புவேன்."

"ஃபாரின் எக்ஸ்சேஞ்சில் நீண்ட அனுபவம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "வேற?"

"ஒஸ்வால்தோ சாரோட பென்ஷன்ல மருந்து, கறி, கரண்ட் பில்லு எல்லாம் நான்தான் பாத்துக்குவேன்."

"அசெட் மேனேஜ்மென்ட்" என்று எழுதினார். "மூணு மாசம் டெம்பரவரி. மிலான்காரன் ஓகே சொன்னா பர்மனென்ட். திருப்பி அனுப்பினான்னா, உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

இப்படியாகத் தெரசா 'இத்தாலிய நிதியியல் மொழி வல்லுநர்' ஆனாள். அந்தப் பட்டம் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். பயமாக இருந்தது.

செங்கல்வராயன் வகுத்த 'மும்முனை மொழிபெயர்ப்பு முறை' எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை யோசிக்காதது. முதல் முனை, இராமகிருஷ்ணன். பாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி கேஷியர். அவர் ஆங்கிலச் சொல்லைப் 'புரிந்துகொண்டு' தமிழாக்குவார். இரண்டாம் முனை, தெரசா. அந்தத் தமிழை இத்தாலியன் ஆக்குவாள். மூன்றாம் முனை, தர உறுதி அலுவலர் ஜோதிகா. அவள் அந்த இத்தாலியனைக் கம்ப்யூட்டரில் போட்டு மறுபடி ஆங்கிலமாக்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். மூவரில் யாருக்கும் மற்றவர் செய்வது தெரியாது என்பதால் தவறுக்கே இடமில்லை.

'புரிந்துகொள்ளும் கட்ட'க் கூட்டம் ஒரு திங்கட்கிழமை கூடியது. ஏசி ஓடவில்லை. பணப்புழக்கம் என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாத அந்த அறையில் புழுக்கம் மட்டும் எல்லோருக்கும் ஐயமறத் தெரிந்தது. இராமகிருஷ்ணன் வெள்ளைப் பலகை முன்னால் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"பணத்தின் அளவை எம் ஒன்று, எம் இரண்டு, எம் மூன்று என்று பிரிக்கிறார்கள். எம் ஒன்று என்பது குறுகிய பணம். எம் மூன்று என்பது அகன்ற பணம்."

"மீட்டர் கேஜ், பிராட் கேஜ் மாதிரி" என்றார் செங்கல்வராயன்.

"அப்படியும் வைத்துக்கொள்ளலாம். கையில் இருக்கிற நோட்டு, சில்லறை, கேட்டவுடனே எடுக்கக்கூடிய கணக்குப் பணம் இதெல்லாம் குறுகியது. அதோடு வைப்புத்தொகையையும் சேர்த்தால் அகன்றது."

"அப்ப எம் ரெண்டு எங்க போச்சு?" என்று கேட்டாள் ஜோதிகா.

இராமகிருஷ்ணன் பலகையில் எம் ஒன்றுக்கும் எம் மூன்றுக்கும் நடுவே ஒரு கோடு போட்டார். "அது நடுவில் எங்கேயோ வரும்மா. நான் கவுண்டரில் இருந்த காலத்தில் யாரும் அதைக் கேட்டு வந்ததில்லை."

"சார், மொத்தப் பணமும் எங்க கீது? ஒரே இடத்துல வச்சிருப்பாங்களா?" என்றாள் தெரசா.

"நல்ல கேள்வி" என்றார் செங்கல்வராயன். "நல்ல கேள்விக்கெல்லாம் அடுத்த கூட்டத்துல பதில் சொல்றது நம்ம கம்பெனி வழக்கம்." கூட்டம் கைதட்டலுடன் கலைந்தது.

மும்முனை முறை முழு வேகத்தில் இயங்கியது. இராமகிருஷ்ணன் வங்கிப் பழக்கத்தில், ஆங்கிலத்தில் கரன்சி என்று வந்த இடமெல்லாம் 'நாணயம்' என்றே எழுதித் தள்ளினார். தெரசா பிறந்து வளர்ந்த வீட்டில் கையில் இருப்பது காசு. நாணயம் என்பது மனிதனிடம் இருப்பது. "அந்த ஆளு நாணயமான ஆளு" என்று அவளுடைய அப்பா அபூர்வமாக யாரையாவது சொல்வார். எனவே அவள் யோசிக்காமல் நேர்மைக்கு உண்டான இத்தாலியச் சொல்லை எடுத்துப் போட்டாள். 'பண அளிப்பு' என்று வந்ததற்கு 'ஒஃபெர்த்தா' என்றாள். அவளே அறியாமல் அது சரியான கலைச்சொல்லாக அமைந்துவிட்டது. ஆனால் தெரசா அறிந்த ஒஃபெர்த்தா கோயிலில் தட்டில் விழும் காணிக்கை என்பதால், விளக்கத்தில் பூசை முடிந்து தட்டு எடுத்து வருவதையெல்லாம் சேர்த்து எழுதினாள். பணத்தின் மொத்தத் திரளுக்கு அகராதி 'மாஸ்ஸா' என்றது. தட்டச்சில் ஒரே ஒரு எழுத்து புரண்டு 'மெஸ்ஸா' ஆகிவிட்டது. மெஸ்ஸா என்றால் திருப்பலி.

மூன்றாம் முனையில் ஜோதிகா திரையைப் பார்த்து உரக்கப் படித்தாள்.

"மத்திய வங்கி நேர்மையை அச்சடித்து வெளியிடுகிறது. பழைய நேர்மை குறிப்பிட்ட தேதிக்குமேல் செல்லாது. கிழிந்த நேர்மையை வங்கிக் கிளையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கள்ள நேர்மை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம். வெளிநாட்டு நேர்மை விமான நிலையங்களில் கிடைக்கும்."

கீழே பிரஸ் மெஷின் மட்டும் 'டங்' என்றது.

"இதுல தப்பு எங்க கீது?" என்றார் செங்கல்வராயன்.

"சார்! அடுத்தது கேளுங்க. 'நாட்டின் பணத் திருப்பலி ஆண்டுதோறும் அதிகரித்தால் விலைவாசி உயரும்.'"

"அது உண்மையாக்கூட இருக்கலாம்" என்றார் இராமகிருஷ்ணன் பலவீனமாக.

செங்கல்வராயன் மிலான் கடிதத்தை எடுத்துக் கெடு எப்போது என்று பார்த்தார். "தெரசாம்மா, ஒரு வாரம் டைம் கீது. புரிஞ்சு எய்தினு வாங்க. புரியாம எய்தறதுக்கு நம்மகிட்ட மெஷினே கீது."

தெரசாவுக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரிந்தவர்களில், இத்தாலிய மொழியும் தெரிந்து பணத்தைப் பற்றியும் யோசித்த ஒரே மனிதர் ஒஸ்வால்தோதான். மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசியில் கூப்பிட்டாள். அங்கே அப்போதுதான் காலைக் காப்பி முடிந்திருந்தது. மூக்குத் துவாரம் வரை முகத்தைத் திரைக்கு நெருக்கிக்கொண்டு ஒஸ்வால்தோ தோன்றினார்.

"தெரேசா! என் மருமகள் பாஸ்தாவைக் குழைத்துவிடுகிறாள். எப்போது வருகிறாய்?"

"வரவில்லை சிஞோர். எனக்கு ஒரு உதவி வேண்டும். லிக்விதித்தா என்றால் என்ன?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் கிழவரின் முகம் சிவந்தது. திரையில் காப்பிக் கோப்பை ஒன்று கவிழ்ந்தது. தெரசா மறந்துபோயிருந்தாள். முப்பத்தைந்து வருஷம் ஊரார் தலையெல்லாம் வெட்டிச் சேர்த்த பணத்தை ஒஸ்வால்தோ உள்ளூர் வங்கி ஒன்றில் போட்டிருந்தார். ஒரு நாள் காலையில் அது மூடிக்கொண்டது.

"கதவில் அந்தச் சொல்லைத்தான் ஒட்டியிருந்தான்! லிக்விதித்தா இல்லையாம்! லிக்விதோ என்றால் திரவம்தானே! நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குழாயில் தண்ணீர் வரவில்லை, அதனால் லீவு விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு வாளியில் தண்ணீரோடு போனேன், தெரேசா! மொத்த ஊரும் சிரித்தது. அப்புறம் மொத்த ஊரும் அழுதது, ஏனென்றால் எல்லோர் பணமும் அங்கேதான் இருந்தது."

"அப்படியானால் அதற்கு நிஜமான அர்த்தம்?"

"கேட்கும்போது என் பணத்தைத் திருப்பித் தர அவனிடம் காசு இருக்கிறதா இல்லையா என்பது! அவ்வளவுதான்! அதை அப்படியே எழுதி ஒட்ட அவனுக்குக் கை வரவில்லை."

அந்த வாரம் முழுக்க மத்தியான வேளைகளில் மாடிப்படியில் இத்தாலியக் கூச்சல் கேட்டது. ஒஸ்வால்தோ பொருளாதாரம் படித்தவரல்ல. பாதிச் சொற்களுக்கு அவருக்கும் அர்த்தம் தெரியவில்லை. அப்போதெல்லாம் தெரசா இராமகிருஷ்ணனிடம் ஓடுவாள். அவர் சொல்லும் வறட்டு விளக்கத்தைக் கிழவரிடம் ஒப்பிப்பாள். கிழவர் காறித் துப்பிவிட்டு, "அட, அதுவா!" என்று தன் பாணியில் சொல்வார். கெட்ட வார்த்தைகளை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தை தெரசா எழுதிக்கொள்வாள். சில நாள் நீக்கிய பிறகு மிச்சம் குறைவாகவே இருந்தது.

இப்படி உருவான விளக்கங்களில் சில, வரலாற்று முக்கியத்துவம் கருதி:

பண அளிப்பு: ஊரில் மொத்தம் எவ்வளவு பணம் சுற்றுகிறது என்பது. இதில் நோட்டும் சில்லறையும் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வங்கி தன் கணக்கில் எழுதிவைத்திருக்கும் எண்.

பணவீக்கம்: உங்கள் பணம் உங்கள் பீரோவில் பூட்டியபடி இருக்கும்போதே திருட்டுப் போவது. இதற்குக் காவல் நிலையத்தில் புகார் வாங்கமாட்டார்கள்.

பகுதி இருப்பு முறை: நீங்கள் போட்ட பணத்தில் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மற்றதை வங்கி வேறொருவருக்குக் கடன் கொடுத்துவிடும். ஆகவே எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்காதீர்கள்.

அளவுசார் தளர்வு: மத்திய வங்கி புதிதாகப் பணத்தை உண்டாக்கி, வங்கிகளிடமிருக்கும் பத்திரங்களை வாங்குவது. உங்களிடமிருந்து எதையும் வாங்காது.

தர உறுதிக் கட்டத்தில் ஜோதிகா இவற்றைப் படித்துவிட்டு நாற்காலியைத் தெரசா பக்கம் திருப்பினாள். "அக்கா, எனக்கே புரியுது. எக்கனாமிக்ஸ் புரிஞ்சுதுன்னா அது எக்கனாமிக்ஸா? எனக்கென்னவோ பயமா கீது."

இராமகிருஷ்ணன் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாம் உண்மைதான். ஆனா கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்ககிட்ட இதையெல்லாம் சொல்றது வழக்கமில்லையே" என்றார்.

செங்கல்வராயன் படிக்கவில்லை. எழுத்தளவு, ஓரம், பக்க எண், மூலையில் நிறுவனச் சின்னம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து மிலானுக்கு அனுப்பிவைத்தார். தலைவர்கள் விவரங்களில் மூழ்குவதில்லை.

பத்து நாள் கழித்து மிலானிலிருந்து காணொளி அழைப்பு வந்தது. திரையில் தோத்தொரெஸ்ஸா, அதாவது பட்டம் படித்த பெண்மணி, மரங்கோனி. அந்த நிறுவனத்தின் 'நிதி எழுத்தறிவு இயக்குநர்'. கழுத்தில் பட்டுத்துணி, முகத்தில் துக்கம். தெரசா மொழிபெயர்க்க, செங்கல்வராயன் டை கட்டி உட்கார்ந்திருந்தார்.

"உங்கள் வேலையில் ஒரு கடுமையான குறை இருக்கிறது" என்றார் தோத்தொரெஸ்ஸா.

தெரசாவின் கண்முன் பெர்கமோவும், அந்தக் கிழத் தம்பதியும், ஃபெபி விமான நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதும் வரிசையாக வந்துபோயின.

"இலக்கணப் பிழையா மேடம்?" என்றாள்.

"இல்லை."

"எழுத்துப் பிழையா?"

"இல்லை. புரிகிறது."

தெரசா மொழிபெயர்த்தாள். செங்கல்வராயன், "அவங்களுக்குப் புரியுதுன்னா நல்லதுதானே, அடுத்து குறையச் சொல்லச் சொல்லு" என்றார்.

"குறையே அதுதானாம் சார்."

தோத்தொரெஸ்ஸா பொறுமையாக விளக்கினார். முன்னோடித் திட்டமாக ஒரு வங்கிக் கிளையில் இந்த விளக்கங்களை அச்சடித்து வைத்தார்கள். முதல் நாள் ஒரு பாட்டி படித்தார். படித்துவிட்டு மேலாளரிடம் போய், "என் பணம் இங்கே இருக்கிறதா, இல்லை என் பேரில் ஒரு எண் மட்டும் இருக்கிறதா?" என்று கேட்டார். மேலாளருக்கு அதுவரை அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. மறுநாள் அந்தப் பாட்டியின் தேவாலயப் பாடகர் குழு முழுவதும் வந்தது. எல்லோரும் ஒரே நாளில் வராதீர்கள் என்று எழுதியிருந்ததைப் படித்ததால்தான் ஒரே நாளில் வந்ததாகச் சொன்னார்கள். மேலாளர் இப்போது மருத்துவ விடுப்பில் இருக்கிறார்.

"ஆனால் மேடம், சாதாரண மக்களுக்குப் புரியவேண்டும் என்றுதானே கேட்டீர்கள்?" என்றாள் தெரசா இத்தாலியனில்.

"புரிய வைக்க முயல்கிறோம் என்பது புரியவேண்டும் என்றுதான் கேட்டோம்" என்றார் தோத்தொரெஸ்ஸா. "ஒரு வாரம் தருகிறேன். இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து."

திரை அணைந்தது. இந்த இடத்தில்தான் ஒரு சாதாரண முதலாளிக்கும் செங்கல்வராயனுக்கும் உள்ள வித்தியாசம் வெளிப்பட்டது. சாதாரண முதலாளி தெரசாவைத் திட்டியிருப்பார். செங்கல்வராயன் டையைத் தளர்த்திவிட்டு, ஏசியைக்கூட ஐந்து நிமிஷம் போட்டுவிட்டு, சிந்தித்தார்.

"நம்ம ஊர்ல டாக்டர் இன்னா சொல்றாரு? ஒண்ணும் இல்லம்மா, வாயுத் தொல்லைன்னு சொன்னா எவனாச்சும் ஃபீஸ் குடுப்பானா? இங்கிலீஷ்ல நீட்டமா ஒரு பேரு சொன்னா, கையக் கட்டிகினு நிக்கிறான். தெரசாம்மா, இத்தாலில சாதா ஜனங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"நெறைய பேருக்குத் தெரியாது சார்."

"அப்பறம் இன்னா? சொல்லையெல்லாம் இங்கிலீஷ்லயே உட்டுடு. முன்னாடி ஒரு இத்தாலி எழுத்து, பின்னாடி ஒரு இத்தாலி எழுத்து. நடுவுல இங்கிலீஷ். தொடாத!"

"சார், இங்கிலீஷ்ல வந்தத இங்கிலீஷ்லயே திருப்பிக் குடுக்கறதுக்குப் பேரு மொழிபெயர்ப்பா?"

"முழு வட்டம்" என்றார் செங்கல்வராயன்.

தெரசாவுக்கு அது அவமானமாக இருந்தது. ஒஸ்வால்தோவின் வாய்ச்சொற்களை ஒவ்வொன்றாக அழித்தபோது, சக்கர நாற்காலியை மழையில் விட்டுவிட்டு வந்த மாதிரி உறுத்தியது. ஆனாலும் அழித்தாள். பெர்கமோ ஏஜென்ட் அன்று காலையிலும் கூப்பிட்டிருந்தார். 'கேட்கும்போது உங்கள் பணத்தைத் திருப்பித் தர' என்று இருந்த இடத்தில் 'லிக்விடிட்டி பொசிஷனின் ஸ்ட்ரெஸ் சார்ந்த அவுட்லுக்' என்று இத்தாலிய ஒட்டுகளுடன் எழுதினாள். முதல் நாள் கை கூசியது. நாலாம் நாள் வேகம் பிடித்தது. கடைசி நாள், தான் எழுதியதைத் தானே படித்து ஒன்றும் புரியாமல், "பரவாயில்ல, நல்லா வந்துகீது" என்று சொல்லிக்கொண்டாள்.

தோத்தொரெஸ்ஸா மறுநாளே பதில் எழுதினார். எங்கள் வங்கியாளர்கள் பேசும் உண்மையான இத்தாலியன் இதுதான் என்றும், ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்கள் நிதிப் பண்பாட்டை இவ்வளவு ஆழமாக உணர்ந்திருப்பது வியப்பளிக்கிறது என்றும் பாராட்டினார். கிளையில் புதிய விளக்கம் வைக்கப்பட்டது. பாட்டி படித்தார், மேலாளரை வணங்கினார், வீட்டுக்குப் போனார். மேலாளர் விடுப்பு முடிந்து திரும்பிவிட்டார்.

ஒஸ்வால்தோ கூப்பிட்டு, "அச்சில் வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"வந்துவிட்டது சிஞோர்."

"நான் சொன்னபடியேவா?"

தெரசா திரையின் ஓரத்தைப் பார்த்தாள். "மருமகள் இன்றைக்குப் பாஸ்தாவைக் குழைத்தாளா?" என்றாள்.

செங்கல்வராயன் சொன்ன சொல் தவறவில்லை. வேலை நிரந்தரமானது. தெரசா ஏஜென்டின் எண்ணைக் கைப்பேசியிலிருந்து நீக்கினாள். அந்த மாதத்தில் ஒரு நாள், பல் தேய்க்காமல் திரிந்த ஃபெபியை அதட்டியபோது, அவள் நெட்வொர்க் பேச்சை எடுக்கவில்லை. "நீ மட்டும் இன்னா, ஆபீஸ் போற அவசரத்துல தேய்க்காமலேதான போன!" என்று முகத்துக்கு நேரே சண்டைக்கு வந்தாள். தெரசா அவளை அடிக்க ஓங்கிய கையோடு அப்படியே கட்டிக்கொண்டாள். ஜேசுராஜ் கதவருகே நின்று, "இன்னா நடக்குது இங்க?" என்று கேட்டார்.

நிறுவனத்தின் புகழ் பரவியது. 'புரியாமைச் சேவை' என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாதென்பதால், செங்கல்வராயன் இணையதளத்தில் 'தெளிவு மேலாண்மை' என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்து, தெரசாவை அதன் தலைவராக்கினார். கொஞ்ச நாளில் உள்நாட்டு வேலையும் வந்தது. ஒரு சிறுகடன் நிறுவனம், தன்னுடைய கடன் விதிகளைத் தமிழில் தயாரித்துத் தரவேண்டும் என்று கேட்டது. பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கவாம்.

தெரசா முதலில் படித்தபோது எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. வட்டி நினைத்தபோது ஏறும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் கட்டவேண்டும். முன்னாலேயே அடைத்தால் அபராதம். இதைத் தமிழில் எழுத அரை மணி நேரம்கூட ஆகாது. செங்கல்வராயன் பின்னால் வந்து நின்றார்.

"மிலான் தரத்துல வரணும் தெரசாம்மா."

மிலான் தரத்திலேயே வந்தது. 'மிதவை வீத மறுநிர்ணய உரிமை', 'கூட்டுப் பிணையப் பொறுப்பேற்பு', 'முன்கூட்டிய தீர்வுச் சரிக்கட்டல்' என்று சுத்தத் தமிழ். ஒரு ஆங்கிலச் சொல்கூடக் கலக்கவில்லை. கடன் நிறுவனம் அதைப் புத்தகமாக அச்சடித்துக் குழுக்களுக்குக் கொடுத்துவிட்டு, செங்கல்வராயனுக்கு மேடையில் சால்வை போர்த்தியது. தெரசாவுக்கு ஒரு சுவர்க் கடிகாரம்.

கடிகாரத்தை மாட்ட ஜேசுராஜ் ஆணி அடித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, பாரிவாக்கத்திலிருந்து அவருடைய தங்கை சுதா வந்தாள். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். மூச்சு வாங்க வாங்க உள்ளே வந்து, முந்தானையில் சுற்றியிருந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

"அண்ணி, இத்த எய்தினது நீங்களாமே! லோன் ஆபீசரு சொன்னாரு. எனக்கு எவ்ளோ பெருமையா கீது தெரியுமா? எங்க அண்ணிதான் எய்தினாங்கன்னு குழுவுல அல்லார்கிட்டயும் சொன்னேன்."

தெரசா புத்தகத்தை வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படிச்சியா, சுதா?"

"படிக்காம? உக்காந்து முச்சூடும் படிச்சோம் அண்ணி. ஒரு வார்த்தைகூடப் புரியல! இன்னா படிப்பு அண்ணி உங்குளுது!" என்று சுதா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அதான் நம்பி, அத்தினி பொம்பளைங்களும் கையெயுத்துப் போட்டுட்டோம்."